பிப்ரவரி 1 முதல் பள்ளி: இரண்டாம் வகுப்புப் பிள்ளையை அனுப்பலாமா?

கேள்வி (திருச்சி, ஜனவரி 2022 கடைசி வாரம்)
ஒன்றாம் வகுப்பிலிருந்தே பள்ளிகளைத் திறப்பதாகத் தமிழக அரசு அறிவித்துவிட்டது. கொரோனாத் தடுப்பூசியோ 15 வயது நிரம்பியவர்களுக்குத்தான் போடப்படுகிறது. என் மகள் தினமும் ஒட்டிக்கொண்டு தூங்குவது, சர்க்கரை நோயுள்ள என் மாமியாரிடம். அனுப்பலாமா, இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாமா?

பதில் 1
சகோதரி, பிள்ளைகளுக்கு இத்தொற்று பெரும்பாலும் லேசாகவே வந்து போவதால், நீங்கள் முதலில் நினைக்க வேண்டியது உங்கள் மாமியாரைப் பற்றித்தான். அவருக்கு 60 வயது கடந்து, இரண்டாம் தவணை போட்டு ஒன்பது மாதமும் ஆகியிருந்தால், ஜனவரி 10 முதல் வழங்கப்படும் முன்னெச்சரிக்கைத் தவணையை, அதாவது மூன்றாவது ஊசியைப் போட்டுவிட்டு அனுப்புங்கள்.

பதில் 2
நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. நவம்பரில் பள்ளி திறந்திருந்தபோது வந்த பிள்ளைகளில் சிலர், ‘அ’ எழுதச் சொன்னால் சுழியைப் போட்டுவிட்டு, அடுத்து எங்கே இழுப்பது என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்தார்கள்; கைப்பேசி வகுப்பில் அது வராது. வகுப்பறைச் சன்னல்கள் திறக்கின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். முகக்கவசம் மதியச் சாப்பாட்டில் எப்படியும் கழன்றுவிடும்.

பதில் 3
என் தந்தைக்கு டயாலிசிஸ் நடப்பதால் நான் மகனை அனுப்பப் போவதில்லை. ஆசிரியை சொல்வது சரிதான், ஆனால் எழுத்தைப் பிறகும் பழகிக்கொள்ளலாம்.

கேட்டவர்
மாமியாருக்கு இரண்டாம் தவணை ஏப்ரலில் போட்டது. நாளையே முகாமுக்கு அழைத்துச் செல்கிறேன். மகளுக்குத் தனிப் பாய் விரித்தாயிற்று, அழுகைதான் ஓயவில்லை.