புதுப்பிப்பு: இரவுக் கூத்துக்கு விலை கூடிய லென்ஸ் தேவைப்பட்டதா?

மட்டக்களப்பில் விடிய விடிய ஆடப்படும் வடமோடிக் கூத்தைப் படமெடுக்க, கடன்பட்டாவது எஃப் 2.8 சூம் லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து கூடிய ஒளியை விடும்) வாங்குவது தகுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. "வாங்குமுன் இரவல் எடுத்துப் பாருங்கள்" என்ற ஆலோசனையே கைகொடுத்தது.

கமராவுடன் வந்த 18-55 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள லென்ஸ், 55 மில்லிமீற்றரில் எஃப் 5.6 வரையே திறக்கும் என்பதால், ஷட்டரை 1/30 செக்கன் திறந்துவைக்க வேண்டியிருந்து, ஆட்டக்காரரின் கால்கள் கலங்கியே பதிந்தன. இரவல் வாங்கிய 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விட்டதால், அதே ஐஎஸ்ஓவில் (கமராவின் ஒளியுணர்திறன் அளவு) 1/250 செக்கன் கிடைத்தது. ஆனால் முழுதாகத் திறந்தபோது, நான்கு மீற்றர் தொலைவில் தெளிவாக விழும் ஆழம் அரை மீற்றருக்கும் குறைவாக இருந்ததால், நீட்டிய வாள் தெளிவாகவும் ஆடுபவரின் முகம் மங்கலாகவும் அமைந்தன. எஃப் 2.8 ஆகச் சுருக்கிய பின்னரே படங்கள் தேறின. நான் வாங்க நினைத்த சூமின் உச்சத் திறப்பும் அதுதானே!

எதிர்பாராத சிக்கல், ஆடுகளமான களரியைச் சுற்றிக் கட்டியிருந்த எல்ஈடி விளக்குகளால் வந்தது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆதலால் அவ்விளக்குகளின் ஒளி செக்கனுக்கு 100 தடவை துடித்து, 1/250 இல் பட்டை பட்டையாக இருள் விழுந்தது. ஒரு முழுத் துடிப்பின் நேரமான 1/100 ஆக இறக்கியதும் அது மறைந்தது.

சூமையும் ஓர் இரவு பயன்படுத்தினேன். சனத்துக்குள் அசைய முடியாதபோது இருந்த இடத்திலிருந்தே கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரையும் முழுக் களரியையும் எடுக்க முடிந்தது உண்மையான வசதி. திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகச் செய்பவருக்கு அது தகும். நான் 50 மில்லிமீற்றர் லென்ஸையே வாங்கிவிட்டேன்.