ஆர்எக்ஸ் 100 குரோம்ல துரு, டேங்க்ல வெள்ளைக் கறை, எதப் போட்டு எடுக்குறது?

செல்லூர் தம்பி
அண்ணேங்களா வணக்கம். சித்தப்பாவோட யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் என் கைக்கு வந்துருக்கு, 95 மாடல், கறுப்பு. அவரு வெளிநாட்டுக்குப் போனதுலருந்து வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டாய்ல பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு மூடி மண் தரையில நிக்க விட்டுட்டாங்க. இஞ்சின் ஓடுது, அதுல பிரச்சனை இல்ல, பாக்கத்தான் சகிக்கல. மட்காடு ரெண்டுலயும் குரோம் மேல பொரிப்பொரியா துரு, சைலன்சர் ஜாயிண்ட் கிட்ட காப்பி கலர்ல ஏதோ வழிஞ்சு காஞ்சு போயிருக்கு, டேங்க்லயும் சைடு பேனல்லயும் போர் தண்ணி பட்ட எடமெல்லாம் வட்டம் வட்டமா வெள்ளை. போதாததுக்கு டேங்க் மேல ஊசி குத்துன மாதிரி ஆரஞ்சுப் புள்ளி வேற. ஷாம்பு போட்டுக் கழுவியாச்சு, ஒண்ணும் அசையல. மாமா என்னடான்னா பாத்ரூம் ஆசிட்ட ஊத்தித் தேயி பளபளன்னு ஆயிரும்ங்கிறாரு, பக்கத்து வீட்டுக்காரரு கோக் ஊத்தச் சொல்றாரு. பெயிண்ட், ஸ்டிக்கர் எல்லாம் ஒரிஜினல், அதனால பெயிண்ட் அடிக்க மனசு வரல. என்ன பண்ணலாம்?

டூஸ்ட்ரோக் பைத்தியம்
தம்பி மொதல்ல அந்த ஆசிட் பாட்டில ஒளிச்சு வை. அதுல இருக்கறது ஹைட்ரோகுளோரிக், துருவைத் தின்னும்தான், கூடவே குரோமையும் சேத்துத் தின்னுரும். மட்காடுல குரோம் ஒரு மைக்ரான் தடிமன் கூட இருக்காதுப்பா, அதுக்கு அடியில நிக்கல், அதுக்குக் கீழதான் இரும்பு. குரோம் துருப்பிடிக்காது, குரோம்ல இருக்கற பொடி ஓட்டை வழியா தண்ணி எறங்கி அடியில இருக்கற இரும்புதான் துருப்பிடிச்சு மேல வருது. ஆசிட் ஊத்துனா அன்னிக்கு சாயங்காலம் பளபளன்னுதான் இருக்கும், அப்புறம் ஒரு மழைக்கு மொத்தமா செவந்துரும்.

பிரியாணி பார்சல்ல வருதுல்ல அலுமினிய ஃபாயில், புதுசா ஒரு துண்டு எடு, கசக்கித் தண்ணில நனைச்சு துரு மேல லேசா தேயி. அழுத்த வேணாம். அலுமினியம் குரோமை விட ரொம்ப மெது, கடினத்தன்மை அளவுகோல்ல குரோம் 8.5, அலுமினியம் 3 கூட வராது, அதனால கோடு விழாது. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பா சேறு மாதிரி வரும், அதுவே பாலிஷ் வேலையும் பாக்கும். தொடச்சுத் தொடச்சுப் பாத்துக்கிட்டே போ. பாத்திரம் தேய்க்குற பச்சை ஸ்கிரப்பர் பக்கம் போயிராத, அதுல அரைக்கிற பொடி இருக்கு, குரோம்லயும் பெயிண்ட்லயும் கீறல் கீறலா போட்டுரும்.

கோக்ல பாஸ்பாரிக் ஆசிட் இருக்கறது நெசந்தான், ஆனா கொஞ்சூண்டு, சும்மா லேசான துருவுக்குக் கேக்கும். சர்க்கரைப் பிசுபிசுப்பக் கழுவுறதுக்குள்ள போதும்னு ஆயிரும், எறும்பு வேற வரும். அத நீ குடிச்சிரு, ஃபாயில தண்ணியிலயே நனை.

சைலன்சர் ஜாயிண்ட்ல வழிஞ்சது துருவே இல்லப்பா, டூடி ஆயில், பெட்ரோலோட சேந்து எரியுற இஞ்சின் ஆயில். எரியாத ஆயில் கசிஞ்சு சூட்டுல பொரிஞ்சு போயிருக்கு. வண்டி நல்லா ஆறுனப்புறம் மண்ணெண்ணெய் தொட்டுத் தொடச்சா போயிரும். ஜாயிண்ட அடைக்கிற கேஸ்கெட்டையும் பாத்துரு, இல்லாட்டி திரும்ப வழியும். இஞ்சின்லருந்து சைலன்சருக்குப் போற பெண்டு பைப்புல நீலம் பாஞ்சிருந்தா அது சூட்டுக் கலர், அதத் துருன்னு நெனச்சுத் தேச்சுக்கிட்டு கெடக்காத.

அவனியாபுரம் டிங்கரிங்
குரோம் பத்தி மேல சொன்னது அம்புட்டும் சரி. பெயிண்ட் பக்கம் நான் சொல்றேன்.

வெள்ளை வட்டம் போர் தண்ணில இருக்கற சுண்ணாம்பு, நம்ம வீட்டுப் பக்கெட்ல படியுறதேதான். ஷாம்பு பூராப் போட்டாலும் அது போகாது, புளிப்பு இருந்தாத்தான் கரையும். கடையில விக்கிற வெள்ளை வினிகர்ல பாதிக்குப் பாதி நல்ல தண்ணி கலந்து துணியில நனைச்சு கறை மேல ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம் வச்சு எடு, வெயில்ல வச்சு பண்ணாத, காய விட்டுறாத, ஒடனே ஷாம்பு போட்டுக் கழுவி காஞ்ச மைக்ரோஃபைபர் துணியால தொட. மொதல்ல சைடு பேனல் அடிப்பக்கம் ஒரு மூலையில பண்ணிப் பாத்துட்டு டேங்க்குக்கு வா. இஞ்சின் அலுமினியத்துல வினிகர் படாமப் பாத்துக்க, மங்கிப் போகும். சில பேரு வீடியோவப் பாத்துட்டு வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒண்ணாக் கலக்குறாங்க, நுரை பொங்குறதப் பாத்தா வேலை நடக்கற மாதிரி இருக்கும், ரெண்டும் ஒண்ணையொண்ணு செத்துப்போக வச்சுரும், அவ்ளோதான்.

வினிகருக்கும் போகலைன்னா தண்ணிக் கறை பெயிண்டக் குழிச்சிருச்சுன்னு அர்த்தம், அதுக்கு ரப்பிங் காம்பவுண்டுதான், பெயிண்ட லேசா சீவுற பசை. ரொம்ப மெதுவான கிரேடா வாங்கு. தொடைக்கிற துணியில கறுப்பு ஏறுச்சுன்னா மேல கிளியர் கோட் (கலரில்லாத மேல்பூச்சு) இல்ல, கலரையே நேரா சீவுறன்னு அர்த்தம், கைய எடுத்துரு. ஸ்டிக்கர் ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிக்க.

அந்த ஆரஞ்சுப் புள்ளிக்கு ஒரு கேள்வி. வீட்டுப் பக்கத்துல கிரில் பட்டறை, வெல்டிங் கடை ஏதாச்சும் இருக்கா?

செல்லூர் தம்பி
எப்பிடிண்ணே கண்டுபிடிச்சீங்க?? பின் சந்துல கேட்டு செய்யுற பட்டறை இருக்கு, நாள் பூரா கிரைண்டர் ஓடும்.

அவனியாபுரம் டிங்கரிங்
அப்ப அதேதான். கிரைண்டர் பொறி பறந்து வந்து பெயிண்ட் மேல ஒட்டி அந்த இரும்புத் துகள் துருப்பிடிச்சிருக்கு. விரல்ல தடவுனா சொரசொரன்னு இருக்கும். டேங்க்குக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாத. கார் ஆக்சசரீஸ் கடையில ஐயன் ரிமூவர் ஸ்ப்ரே கேளு, அடிச்சா இரும்பு இருக்கற எடமெல்லாம் கத்திரிப்பூ கலர்ல வழியும், அழுகுன முட்டை வாடை அடிக்கும், வெளிய வச்சுப் பண்ணு, கையுறை போட்டுக்க. காயறதுக்குள்ள கழுவிரு. மிச்சம் இருக்கறத கிளே பார் (பெயிண்ட்ல ஒட்டுன துகள எடுக்குற களிமண் கட்டி) எடுத்துரும், ஷாம்புத் தண்ணி நெறைய விட்டு வழுக்கிக்கிட்டே போகணும்.

ஆனா டேங்க் அடி ஓரத்துல பெயிண்ட் கொப்புளம் மாதிரி உப்பி இருந்துச்சுன்னா அது வேற கதை, அது உள்ளருந்து வர்ற துரு. தண்ணி பெட்ரோல விடக் கனம், அடியிலதான் போயி நிக்கும், இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்த வேற இழுக்கும். கொப்புளத்தக் குத்திப் பாத்துறாத, ஒழுக ஆரம்பிச்சிரும். மூடியத் திறந்து டார்ச் அடிச்சு உள்ள பாரு.

மாட்டுத்தாவணி மாப்ள
எதுக்குய்யா இம்புட்டுப் பாடு, மட்காடக் கழட்டிப் பிளேட்டிங் பட்டறையில குடுத்தா புதுசாக் குடுப்பான். ஃபாயில் வச்சுத் தேச்சுக்கிட்டு ஞாயித்துக்கெழமையெல்லாம் வீணா?

டூஸ்ட்ரோக் பைத்தியம்
மாப்ள, பிளேட்டிங்னா பழைய குரோமையும் நிக்கலையும் உரிச்சு இரும்ப பஃப் அடிச்சுத்தான் மறுபடி ஏத்துவாங்க, தகடு மெலிஞ்சிரும். கம்பெனி போட்ட குரோம் நூத்துக்கு எம்பது பங்கு நல்லா இருக்கும்போது அத எதுக்கு உரிக்கணும்? தேச்சப்புறம் நகத்தால சொரண்டிப் பாரு, தோல் மாதிரி உரிஞ்சு வந்தாத்தான் பிளேட்டிங். வெறும் புள்ளிக்குழியா நின்னுச்சுன்னா ஃபாயில் போதும்.

தம்பி, முக்கியமானது, தேச்சு முடிச்ச கையோட நல்லாக் காய வச்சு மேல வேக்ஸ் பூசிரு, மட்காடு அடிப்பக்கமும் சேத்து. அந்தப் பொடி ஓட்டைய அடைக்கணும், இல்லாட்டி ஐப்பசி மழைக்குப் பழைய குருடி கதவத் திறடின்னு வந்து நிக்கும். டபிள்யூடி 40 அடிச்சா போதும்னு சொல்லுவாங்க, அது தண்ணிய வெரட்டத்தான், கொஞ்ச நாள்ல ஆவியாயிரும். ஸ்போக்ஸுக்கு மட்டும் லேசா ஆயில் துணி.

கழட்டுன நட்டு போல்ட்டு ஸ்டாண்டு இதுக்கெல்லாம் கீழமாசி வீதி மளிகைக் கடையில எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கெடைக்கும், லிட்டருக்கு 50 கிராம் போட்டு ராத்திரி ஊற வையி, காலையில ஆப்ப சோடாத் தண்ணில அலசி ஒடனே தொடச்சு ஆயில் போட்டுரு, ஈரத்தோட வச்சா கண்ணு முன்னாடியே செவக்கும். ஸ்பிரிங்க மட்டும் அதுல போடாத, ஆசிட்ல ஊறுன ஸ்பிரிங் வெடுக்குன்னு ஒடையலாம்.

அந்தப் பிளாஸ்டிக் தார்ப்பாயத் தூக்கிப் போடு. மண் தரை ஈரம் பூரா உள்ள அடைஞ்சுதான் இந்தக் கதி. பழைய காட்டன் பெட்ஷீட் போதும்.

செல்லூர் தம்பி
சூப்பர்ணே, டேங்க் உள்ள சுத்தமாத்தான் இருக்கு. இன்னொண்ணு, முன்னாடி ஃபோர்க் பைப்புலயும் ரெண்டு மூணு துருப்புள்ளி இருக்கு, அதையும் இதே ஃபாயில்ல தேச்சுறலாமா?

அவனியாபுரம் டிங்கரிங்
எந்த எடத்துலன்னு பாரு. பிரேக்கப் புடிச்சு ஃபோர்க்க அமுக்கு, ஆயில் சீல் (ஃபோர்க் ஆயில் வெளிய வராம அடைக்கிற ரப்பர்) எம்புட்டு தூரம் ஏறி எறங்குதோ அந்த எடத்துக்கு மேல இருந்தா அது வெறும் அழகுப் பிரச்சனை, ஃபாயில்ல ஆயில் தொட்டுத் தேச்சு விட்டுரு. சீல் ஓடுற எடத்துல இருந்து, நகம் வச்சு இழுத்தா குழியில தட்டுச்சுன்னா அந்தக் குழி சீலக் கிழிச்சிரும், ஆயில் ஒழுகி பிரேக் டிரம் பக்கம் வரைக்கும் போகும். அதுக்கு உப்புத்தாள் எல்லாம் எடுக்காத, பைப்ப ஹார்ட் குரோம் (தடிமனான குரோம் பூச்சு) போடக் குடு, இல்ல வேற பைப் மாத்து. தட்டலைன்னா தேச்சுட்டு ஓட்டிப் பாரு, சீல் ஓரத்துல ஆயில் வளையம் தெரியுதான்னு மட்டும் அப்பப்பக் குனிஞ்சு பாத்துக்க.