பிரேக் விளக்கின் பியூஸ் மாற்ற மாற்ற எரிகிறது: தொப்பூர் இறக்கத்தில் அச்சமாக இருக்கிறது

காரிமங்கலம் வாசி:
ஐயா, வணக்கம். என்னுடையது பெட்ரோலில் ஓடும் சிறிய கார். பழைய வண்டியாக வாங்கியது. பிரேக் விளக்குக்கான 10 ஆம்பியர் சிவப்பு பியூஸ் அதில் மாற்ற மாற்ற எரிந்துபோகிறது. வீட்டு வாசலில் நிறுத்திப் பெடலை மிதித்தால் மூன்று விளக்குகளும் ஒழுங்காக எரிகின்றன. பெடலைத் தொடாமல் சமதளத்தில் எவ்வளவு ஓடினாலும் ஒன்றும் ஆவதில்லை. சேலம் செல்லும்போது தொப்பூர் கணவாயில் இறங்கினால் மட்டும், கீழே போய்ச் சேர்வதற்குள் பியூஸ் போய்விடுகிறது. பாரம் ஏற்றிய லாரிகள் வரிசையாக வரும் அந்த இறக்கத்தில் நான் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாதே என்பதுதான் என் கவலை. 20 ஆம்பியர் பியூஸ் போட்டால் நிற்கும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள்; எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பாலக்கோடு எலக்ட்ரீஷியன்:
20 ஆம்பியர் வேண்டவே வேண்டாம். பியூஸ் காப்பது வயரை. பியூஸ் உருகாவிட்டால் அந்த மெல்லிய வயரின் உறைதான் உருகும். அது தரைவிரிப்புக்கு அடியில் ஓடுவதால் புகை வரும்வரை உங்களுக்குத் தெரியாது.

பின்புறம் உள்ள இரண்டு 21 வாட் பல்புகளும் 12 வோல்ட்டில் சேர்ந்து இழுப்பது மூன்றரை ஆம்பியர். மேலே உள்ள மூன்றாவது விளக்கைச் சேர்த்தாலும் 10 ஆம்பியரை நெருங்காது. எனவே சுமை கூடி எரியவில்லை. எங்கோ வயர் பாடியில் பட்டு எர்த் ஆகிறது. பெடலுக்கு மேலுள்ள சுவிட்சுக்கு முன்னால் கோளாறு இருந்தால், மிதிக்காதபோதும் பியூஸ் போக வேண்டும். உங்களுக்கு மிதிக்கும்போது மட்டும் போவதால், சுவிட்சிலிருந்து பின்விளக்கு வரையுள்ள வயரில்தான் தேட வேண்டும். எரிந்த பியூஸின் உட்புறம் கறுத்திருக்கிறதா? பின்னால் ஏதேனும் கூடுதலாகப் பொருத்தியிருக்கிறீர்களா?

காரிமங்கலம் வாசி:
நன்றாகக் கறுத்திருக்கிறது, ஐயா. வண்டியை வாங்கியபின் ரிவர்ஸ் கேமரா ஒன்றைக் கடையில் பொருத்தினேன்.

கிருஷ்ணகிரி, மாந்தோப்பு:
எங்கள் பக்கம் தோப்போரம் நிறுத்தும் வண்டிகளில் எலி வயரைக் கடித்துவிடும். டிக்கியின் பக்கவாட்டு அட்டைக்குப் பின்னாலும் ஒருமுறை பாருங்கள்.

பாலக்கோடு எலக்ட்ரீஷியன்:
எலியும் காரணமாக இருக்கலாம். ஆனால் அட்டைகளைக் கழற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பியூஸ் இருக்கும் இடத்தில், ஹோல்டரும் இரண்டு வயர்களும் உள்ள 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். எர்த் ஆகும் இடத்தில் பியூஸ் எரிவதற்குப் பதிலாக இந்தப் பல்பு முழு வெளிச்சத்துடன் எரியும். பல்பே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் வயருக்குச் சேதம் வராது. முதலில் இரண்டு பிரேக் பல்புகளையும் கழற்றி, மூன்றாவது விளக்கின் கனெக்டரையும் பிரித்துவிட வேண்டும். அவற்றை அப்படியே விட்டால் கோளாறு இல்லாத வண்டியிலும் சோதனைப் பல்பு எரியும், நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள். சுவிட்சிலிருந்து நேராக விளக்குக்கு வயர் போகும் வண்டிகளுக்கே இந்த முறை பொருந்தும்; பழைய சிறிய கார்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

வீட்டில் ஒருவரைப் பெடலை மிதித்தபடி இருக்கச் சொல்லிவிட்டு, வயர்க்கட்டை இடம் இடமாக அசைத்துப் பாருங்கள். டிக்கிக் கதவை மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். கீலருகே வயர்கள் நுழையும் ரப்பர் குழாயின்மீதுதான் எனக்குச் சந்தேகம், ஏனெனில் கேமரா வயரையும் பலர் அதற்குள்ளேயே திணித்துவிடுகிறார்கள்.

காரிமங்கலம் வாசி:
தாங்கள் சொன்னதுபோலவே செய்தேன். கதவு பாதி திறந்த நிலையில் சோதனைப் பல்பு பளிச்சென்று எரிந்தது; முழுவதும் திறந்ததும் அணைந்தது. ரப்பர் குழாயைப் பின்னுக்கு இழுத்தபோது, கேமரா கேபிளோடு சேர்த்துப் பிளாஸ்டிக் டேக்கால் இறுகக் கட்டியிருந்த வயர்கள் ஒரே இடத்தில் மடிந்திருந்தன. மூன்றாவது பிரேக் விளக்கின் வயரில் உறை விரிந்து செம்பு தெரிகிறது. அது தகட்டின் விளிம்பில் படுகிறது. இறக்கத்தின் குலுக்கலில் பிரேக்கை விடாமல் பிடித்திருக்கும்போது அது தொட்டிருக்க வேண்டும். டேப் சுற்றினால் போதுமா?

பாலக்கோடு எலக்ட்ரீஷியன்:
போதாது. வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும். மடியும் இடத்தில் அது நிற்காது. அந்தப் பகுதி வயரை வெட்டிவிட்டு, அதே கனமுள்ள, பல இழைகள் கொண்ட புதிய துண்டைச் சற்றுத் தளர்வாக வைத்துச் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் உறையைப் போடுங்கள். இணைப்புகள் இரண்டும் ரப்பர் குழாய்க்கு வெளியே, மடியாத பகுதியில் இருக்க வேண்டும். சால்டர் செய்த இடம் விறைப்பாகிவிடுவதால், மடிப்பில் வைத்தால் மறுபடி அங்கேயே முறியும். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கேமரா கேபிளுக்குத் தனித் துளையும் தனி ரப்பர் வளையமும் வைப்பதே நல்லது.

காரிமங்கலம் வாசி:
அதே குழாயில் பின்கண்ணாடியின் பனி நீக்கிக்குச் செல்லும் தடித்த வயரிலும் உறை வெடித்திருக்கிறது. செம்பு இன்னும் வெளியே தெரியவில்லை.

பாலக்கோடு எலக்ட்ரீஷியன்:
அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பிரேக் விளக்கைவிடப் பல மடங்கு மின்னோட்டம் அதில் போகும். எனவே மெல்லிய வயரால் ஒட்டுப் போடாமல் அதே தடிமனில் போடுங்கள். எல்லாம் முடிந்ததும் பழைய 10 ஆம்பியர் பியூஸ் அளவையே வைத்து, பெடல் மிதித்திருக்கும்போது கதவைப் பலமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு தொப்பூர் இறங்குங்கள்.