ஹூ, ஹூம் குழப்பம்: நடுவில் 'ஐ திங்க்' வந்தால் எது சரி?

கேள்வி:
வணக்கம். கோடிட்ட இடத்தை நிரப்புக: 'தி மேன் ___ ஐ திங்க் ஸ்டோல் த பைக் இஸ் ஹியர்.' விடைக்குறிப்பில் 'ஹூ' என்று இருக்கிறது. அடுத்து வினைச்சொல் வந்தால் ஹூ, ஆள் வந்தால் ஹூம் என்றுதானே விதி? இங்கே அடுத்து வருவது 'ஐ'. அப்போ ஹூம்தானே வரணும்?

பதில் 1:
விடைக்குறிப்பு சரிதாங்க. அந்த விதி 'தி பாய் ஹூ கேம்', 'தி பாய் ஹூம் ஐ மெட்' மாதிரி நேரான வாக்கியங்களுக்குப் போதும். இங்கே 'ஐ திங்க்' இடைச்செருகல். அதை விரலால் மறைத்துப் படிங்க: 'தி மேன் ___ ஸ்டோல் த பைக்'. 'ஸ்டோல்' என்பதற்கு சப்ஜெக்ட் (எழுவாய்) வேண்டும், அதனால் ஹூ.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் மறைக்காதீங்க. 'தி மேன் ___ ஐ பிலீவ்டு டு பி ஹானஸ்ட்' என்றால் ஹூம்தான். உறுதியாகத் தெரிய, அந்தப் பகுதியைத் தனி வாக்கியமாக்கிப் பாருங்க. 'ஐ திங்க் ஹீ ஸ்டோல் த பைக்': ஹீ வருவதால் ஹூ. 'ஐ பிலீவ்டு ஹிம் டு பி ஹானஸ்ட்': ஹிம் வருவதால் ஹூம். ஹிம், ஹூம் இரண்டும் 'ம்'மில் முடிவதை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்:
தெளிவாயிடுச்சு, நன்றி சார். 'தி புக் ஐ பாட்' என்று விச் இல்லாமலே எழுதுகிறார்கள். 'தி மேன் லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர் இஸ் எ டாக்டர்' மட்டும் ஏன் தப்பு?

பதில் 2:
விச், ஹூம் போன்றவை ஆப்ஜெக்டாக (செயப்படுபொருளாக) இருந்தால்தான் விடலாம். 'பாட்' என்பதற்கு 'ஐ' என்ற சப்ஜெக்ட் இருக்கிறது, விச் போனாலும் வாக்கியம் நிற்கும். 'லிவ்ஸ்' என்பதற்கு ஹூதான் சப்ஜெக்ட். அதை எடுத்தால் 'தி மேன்' என்பதற்குப் பின்னால் லிவ்ஸ், இஸ் என்று இரண்டு வினைகள் தொங்கும். காற்புள்ளிக்குள் வந்தால் ஆப்ஜெக்டையும் விட முடியாது, அங்கே 'தட்' போடவும் கூடாது: 'மை பிரதர், ஹூம் யூ மெட் எஸ்டர்டே, இஸ் எ டீச்சர்.'

அதிகம் கண்ணில் படும் தப்பு 'தி புக் விச் ஐ பாட் இட்'. ஆப்ஜெக்ட் வேலையை விச் செய்துவிட்டது, 'இட்' வேண்டாம். தமிழில் 'நான் அதை வாங்கின புத்தகம்' என்று சொல்வோமா?

பதில் 3:
'டு' போன்ற பிரிபொசிஷன் முன்னால் வந்தால் தேர்வில் ஹூம் மட்டுமே எழுதுங்க: 'தி மேன் டு ஹூம் ஐ ஸ்போக்'. பேச்சில் 'தி மேன் ஹூ ஐ ஸ்போக் டு' சகஜம். 'டு தட்' ஒருபோதும் வராது. பொருளுக்கு வரும் 'விச்' சப்ஜெக்டாக வந்தாலும் ஆப்ஜெக்டாக வந்தாலும் உருமாறாது, அங்கே இந்தக் குழப்பமே இல்லை.