யூசர் ஃபிரண்ட்லி: ‘வாகு’ இருக்கும்போது நட்பு எதற்கு?

அனைவருக்கும் வணக்கம்.

‘யூசர் ஃபிரண்ட்லி’ (user-friendly, அதாவது பயன்படுத்துபவருக்கு எளிதாக அமைந்தது) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்ட இந்த இழையில் இதுவரை வந்தவை பயனர் நட்பு, பயனர் தோழமை, பயன்பாட்டு எளிமை. மூன்றாவது பரவாயில்லை. முதலிரண்டும்தான் உறுத்துகின்றன. ஆங்கிலத்தில் நண்பன் இருக்கிறான் என்பதற்காக இங்கேயும் ஒருவனை அழைத்து உட்கார வைத்திருக்கிறோம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தில் 30 ஆண்டு பால் வெட்டிய என் அம்மா, புதுச் சட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பிடிக்க வாகா இல்லையே” என்பார். நட்பைப் பற்றி அவர் சட்டியிடம் எதிர்பார்ப்பது ஒன்றுமில்லை.

வாகு என்ற சொல்லுக்கு நான் வாதாடுவது அது பேச்சில் உயிரோடு இருப்பதால் மட்டும் அல்ல. தோட்டத்தில் அதைப் பயன்படுத்திய விதம் துல்லியமானது. ரப்பர் மரத்தில் பால் குழாய்கள் நேர்குத்தாக ஓடுவதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. ஆகவே இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகக் கோடு போட்டால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக இறங்கும். கோட்டின் திசையை மரமே முடிவு செய்துவிடுகிறது. இடக்கைப் பழக்கமுள்ள என் சித்திக்கு அம்மாவின் கத்தி கடைசிவரை வாகுபடவில்லை. கத்தியிலும் குறையில்லை, சித்தியிடமும் குறையில்லை. கைக்கும் கத்திக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கவேண்டிய ஏதோ ஒன்று அங்கே இல்லை. அதுதான் வாகு. ‘எளிமை’ என்றால் அது பொருளுக்குள்ளேயே இருப்பதுபோல் தொனிக்கிறது.

சரி, வீட்டுப் பொருளுக்கு வருவோம். இரண்டு அடுப்பு உள்ள கேஸ் அடுப்பில் அம்மா ஒருநாளும் தடுமாறியதில்லை, ஒவ்வொரு திருகும் அதனதன் அடுப்புக்கு நேர் கீழே இருக்கும். தம்பி வீட்டில் நான்கு அடுப்பு, சதுரமாக. திருகுகளோ ஒரே வரிசையில். வெறும் அடுப்பை எரியவிட்டுச் சட்டி ஏன் கொதிக்கவில்லை என்று நிற்கிறார். இது அம்மாவின் வயதுக்கோளாறு இல்லை. அமெரிக்காவில் சாப்பானிஸ், லிண்டன்பாம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதையே சோதித்து 1959இல் எழுதினார்கள். அடுப்புகளைக் கொஞ்சம் விலக்கி, திருகு வரிசையோடு ஒத்துப்போகும்படி வைத்தபோது தவறு மறைந்தது.

இன்னொன்று, கிளினிக் கதவு. இழுக்கும் பிடி வைத்து, அதற்கு மேல் ‘தோலாக்’ (மலாயில் ‘தள்ளு’) என்று ஒட்டியிருந்தார்கள். தே தாரிக் (‘இழுத்த’ தேநீர்) குடித்தே வளர்ந்த அம்மாவுக்குத் தாரிக் (‘இழு’) எது, தோலாக் எது என்று தெரியாதா? ஆனால் கண் எழுத்துக்குப் போகுமுன்னே கை பிடிக்குப் போய்விட்டது. இழுத்துக்கொண்டே நின்றார். வடிவமைப்பு அறிஞர் டோனல்ட் நார்மன் இப்படிப்பட்ட கதவுகளைப் பற்றி 1988இலேயே எழுதிவிட்டார். ஆங்கிலத்தில் அவற்றுக்கு நார்மன் கதவு என்றே பெயர். நாம் வாகற்ற கதவு என்போம்.

காய்கறித் தோல் சீவியில் ஆக்சோ (OXO) என்ற நிறுவனத்தின் சீவியைச் சொல்லலாம். அதன் நிறுவனர் சாம் ஃபார்பர், மூட்டுவாதம் வந்த தம் மனைவியின் கைக்காக யோசித்து 1990இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தடித்த, வழுக்காத கறுப்புப் பிடி. (அந்தப் பிடி செயற்கை ரப்பர், நம் மரத்துப் பாலுக்கு அதில் பங்கில்லை என்பதில் எனக்குச் சின்ன வருத்தம்.) முடியாத கைக்குச் செய்தது எல்லாக் கைக்கும் வாகாக அமைந்தது.

வாகு வடசொல்லாயிற்றே, தோள் என்று பொருளாயிற்றே என்று ஓர் ஐயா கேட்டிருந்தார். வாகுவலயத்தில் (தோள்வளை) உள்ள வாகு தோள்தான், வடமொழி பாகுவிலிருந்து வந்தது. ஆனால் “வாகா உட்கார்” என்பவர் யாரும் தோளை நினைப்பதில்லை. ‘உடல்வாகு’ குறுக்கே வருமே என்றால், வரட்டும். பொருளைக் கைக்கும் உடம்புக்கும் பொருத்துவதும் உடம்பை ஒட்டிய துறைதானே?

கிளைச்சொற்களும் சுலபமாகக் கிடைக்கின்றன. வாகான வடிவமைப்பு, வாகின்மை, வாகியல். பயனரை உட்கார வைத்துச் சோதிப்பதற்கு மட்டும் ‘வாகாய்வு’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு முறை தட்டச்சில் ஒரு ‘க்’ கூடி, தேர்தல் வேலைபோல் ‘வாக்காய்வு’ ஆகிவிட்டது. இதற்கு வேறு சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.