நடுநிலையாக்கல் வெப்பம் (அமிலமும் காரமும் வினைபுரியும்போது வெளிப்படுவது) மோலுக்கு 48.5 கிலோஜூல் மட்டுமே வருகிறது. மீதி வெப்பம் எங்கே போகிறது?

கேள்வி:
வணக்கம். நான் இளநிலை வேதியியல் முதலாம் ஆண்டு மாணவி. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி.யைக் கண்ணாடிப் பீக்கரில் எடுத்து, அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 50 மி.லி.யைச் சேர்த்துக் கலக்கினேன். இரண்டும் 30 டிகிரியில் இருந்தன. கலந்தபின் வெப்பநிலைமானி 35.8 வரை ஏறி, சற்று நின்று, பிறகு இறங்கத் தொடங்கியது. கரைசலின் நிறை 100 கிராம், தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) 4.18 ஜூல் என்று கொண்டால் வெப்பம் 2424 ஜூல் வருகிறது, வினைப்பட்டது 0.05 மோல் என்பதால் மோலுக்கு 48.5 கிலோஜூல். பாடநூலிலோ 57.3 என்று இருக்கிறது. செறிவுகளைத் தரம்பார்த்துவிட்டேன், மூன்று முறை செய்தும் இதே அளவுதான். தவறு எங்கே, ஐயா?

பதில் 1:
உங்கள் கணக்கில் பிழையில்லை, ஆனால் கரைசல் மட்டுமே சூடானது என்று அது எடுத்துக்கொள்கிறது. பீக்கரும் கலக்கியும் வெப்பநிலைமானியின் குமிழும் அதே 5.8 டிகிரி சூடேறியிருக்கின்றன. அவை வாங்கிக்கொண்ட வெப்பத்தை நீங்கள் சேர்க்கவில்லை. 57.3 என்பது சரியென்றால் வெப்பநிலை ஏறத்தாழ 6.9 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்.

இதை ஊகித்துத் திருத்தாதீர்கள், அளந்து திருத்துங்கள். அதே பீக்கரில் 30 டிகிரியில் 50 கிராம் நீர் எடுத்து, 50 டிகிரியில் உள்ள 50 கிராம் நீரை ஊற்றிக் கலக்குங்கள். பீக்கர் எதையும் வாங்காவிட்டால் வெப்பநிலை 40இல் நிற்கும். அதற்குக் கீழே நின்றால், சூடான நீர் இழந்ததற்கும் குளிர்ந்த நீர் பெற்றதற்கும் உள்ள வித்தியாசமே பீக்கர் எடுத்துக்கொண்டது. அதைப் பீக்கரின் வெப்பநிலை உயர்வால் வகுத்தால் அதன் வெப்ப ஏற்புத்திறன், அதாவது அதை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், கிடைக்கும்.

பதில் 2:
முன்னவர் சொன்னதோடு ஒன்று. சோடியம் ஹைட்ராக்சைடு நீரில் கரையும்போதே மோலுக்கு 44 கிலோஜூல் அளவுக்கு வெப்பத்தை வெளியிடும். காலையில் தயாரித்த கரைசலை ஆறவிடாமல் பயன்படுத்தும் மாணவர்களுக்கு விடை அதிகமாக வரும். உங்களுக்குக் குறைவாக வந்திருப்பதால் அது காரணமில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் இரு கரைசல்களின் வெப்பநிலையையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் வாங்கும் பங்கு பழைய சிக்கல்தான். 1780களில் பிரெஞ்சு அறிவியலாளர்கள் லவாய்சியரும் லாப்லாசும் வினையைப் பனிக்கட்டி சூழ நிகழ்த்தி, உருகிய நீரின் எடையைக் கொண்டு வெப்பத்தை அளந்தார்கள். முடிவில் எல்லாமே 0 டிகிரிக்குத் திரும்பிவிடுவதால் பாத்திரத்துக்குத் தனிக்கணக்கு தேவைப்படவில்லை. அந்த வழியின் அழகை ஒவ்வொரு மாணவரும் அறிய வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி கேட்டவர்:
இன்று செய்து பார்த்தேன். கலந்த நீர் 38.6இல் நின்றது. சூடான நீர் இழந்தது 2383 ஜூல், குளிர்ந்த நீர் பெற்றது 1797 ஜூல், வித்தியாசத்தை 8.6ஆல் வகுத்தால் டிகிரிக்கு 68 ஜூல். இதைக் கரைசலின் 418உடன் சேர்த்து 5.8ஆல் பெருக்க, 2819 ஜூல் கிடைத்தது. ஆகவே மோலுக்கு 56.4 கிலோஜூல். மனம் நிறைந்த நன்றி. மீதமுள்ள 0.9 மட்டும் உறுத்துகிறது.

பதில் 1:
நல்ல விடை. குறிப்பேட்டில் எழுதும்போது எதிர்க்குறியை விட்டுவிடாதீர்கள்: வெப்பத்தை வெளியிடும் வினை (வெப்ப உமிழ்வினை) என்பதால் என்தால்பி மாற்றம், அதாவது மாறா அழுத்தத்தில் வினையின் வெப்ப மாற்றம், மோலுக்கு −56.4 கிலோஜூல்.

மீதிக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அரை டிகிரி வரை மட்டுமே படிக்கக்கூடிய வெப்பநிலைமானியில் 5.8 என்பதன் கடைசி இலக்கம் கண்ணால் மதிப்பிட்டது, 0.1 டிகிரி தவறினாலே விடை ஒரு கிலோஜூல் நகர்ந்துவிடும். இரண்டாவது, நீங்கள் குறித்த உச்ச வெப்பநிலையை எட்டுவதற்குள்ளேயே சிறிது வெப்பம் காற்றில் போயிருக்கும். கலந்த பிறகு அரை நிமிடத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம்வரை குறித்து வரைபடம் போடுங்கள். இறங்கும் நேர்கோட்டைக் கலந்த நொடிவரை பின்னோக்கி நீட்டினால், வெப்ப இழப்பு இல்லாதிருந்தால் எட்டியிருக்கும் வெப்பநிலை அங்கே தெரியும். 50 டிகிரி நீரும் ஊற்றும்போதே சற்று ஆறிவிடுவதால் 68 என்ற அளவு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கக்கூடும். அடுத்த முறை 40 டிகிரி நீரை வைத்து, பீக்கருக்குப் பதிலாக மூடியுள்ள தெர்மோகோல் குவளையில் இரண்டையும் செய்து பாருங்கள்.