வியன்னாவில் ஒரு கச்சேரி, அதையொட்டி ஐரோப்பிய ரயில் பயணம்: ஆலோசனை தேவை

குடந்தைவாசி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கும்பகோணத்தில் வசிக்கிறோம். தஞ்சாவூரில் வயலின் கற்றுக்கொள்ளும் என் மகளுக்கு, வியன்னாவின் மியூசிக்ஃபெரைன் பொன் மண்டபத்தில் ஒரு கச்சேரியையாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வரும் மே மாதப் பள்ளி விடுமுறையில் அதை நிறைவேற்றி, அதையொட்டியே ஐரோப்பாவை ரயிலில் சுற்றி வரலாம் என்று இருக்கிறோம். நானும் கணவரும், 67 வயதான என் மாமியார், 13 வயது மகள், 9 வயது மகன் என ஐந்து பேர். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. சைவ உணவு மட்டுமே உண்பார்.

பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், வியன்னா, பிராக் ஆகிய எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்குள் முடிக்கும்படி கணவர் திட்டம் போட்டிருக்கிறார். வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழு ஞாயிறு காலை 11 மணிக்கு வாசிப்பதால், சனிக்கிழமை இரவு வெனிஸில் ரயில் ஏறினால் காலையில் இறங்கி நேரே மண்டபத்துக்குப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு. இது சரிவருமா? பல நாட்டு ரயில்களுக்கும் ஒன்றாகச் செல்லும் யூரெயில் பாஸ் வாங்குவதா, தனித்தனி டிக்கெட்டா? எதை முதலில் பதிவு செய்ய வேண்டும்?

காவிரிக்கரையான், திருவையாறு:

சகோதரிக்கு வணக்கம். முதலில் கச்சேரியின் தேதியை உறுதி செய்துகொண்டு, பிறகு அதற்கேற்ப ரயிலை அமைத்துக்கொள்ளுங்கள். வியன்னாவின் இசைப் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. ஜூலை, ஆகஸ்டில் அரசு ஓபரா (இசை நாடக) அரங்கே மூடிக் கிடக்கும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை அந்தப் பருவத்துக்குள் விழுவது உங்களுக்கு நல்ல வாய்ப்பு.

ஆனால் நீங்கள் சொல்லும் ஞாயிறு காலைக் கச்சேரி, பில்ஹார்மோனிக்கின் சந்தாதாரர்களுக்கானது. அந்தச் சந்தாவுக்கு உள்ளூர்க்காரர்களே பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். மிஞ்சுகிற சில டிக்கெட்டுகள் கச்சேரி நெருங்கும்போதுதான் விற்பனைக்கு வரும். ஐந்து பேரின் விமானப் பயணத்தை அதை நம்பி முடிவு செய்ய வேண்டாம். 1870இல் திறந்த அதே பொன் மண்டபத்தில், 1900இல் தோன்றிய வியன்னா சிம்பொனி இசைக்குழுவும் பிற நாட்டுக் குழுக்களும் வாசிக்கின்றன. அவற்றுக்கு இருக்கை எண்ணோடு முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடலாம். அங்கும் கிடைக்காவிட்டால் 1913இல் திறந்த கொன்ட்செர்ட்ஹவுஸ் என்னும் இன்னொரு கச்சேரி அரங்கம் இருக்கிறது, தரத்தில் குறைந்ததன்று. மண்டபத்தின் பின்புறம் நின்றபடியே கேட்கும் மலிவான இடங்கள் மாமியாருக்கு ஆகாது. மகளும் நீங்களும் மட்டும் இன்னொரு மாலை போய் வரலாம். தெருவில் மொசார்ட் காலத்து வெள்ளைப் பொய்முடியும் பட்டு அங்கியும் அணிந்து டிக்கெட் விற்பவர்களிடம் வாங்கிவிடாதீர்கள். அவர்கள் விற்பது சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடக்கும் நிகழ்ச்சி. உங்கள் மகள் தேடிப் போவது அதுவன்று.

வெனிஸ் இரவு ரயிலில் வந்து நேரே மண்டபத்துக்குப் போகும் யோசனையை விட்டுவிடுங்கள். ரயில் தாமதமானால், கச்சேரி தொடங்கிய பிறகு உள்ளே விடமாட்டார்கள். இரண்டு உருப்படிகளுக்கு நடுவில்தான் கதவு திறக்கும். நம் ஆராதனைப் பந்தலில் போல நினைத்தபோது வந்து நினைத்தபோது எழுந்து போக முடியாது. நேரத்துக்கே வந்துவிட்டாலும், படுக்கைப் பெட்டியில் அரைத் தூக்கம் தூங்கிய ஒன்பது வயதுப் பையன் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருவான் என்று எனக்குத் தோன்றவில்லை. குறைந்தது முதல் நாள் மதியமாவது வியன்னாவில் இருங்கள். மேல்கோட்டையும் முதுகுப்பையையும் வாசலில் உள்ள வைப்பறையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒரே உருப்படியின் பகுதிகளுக்கு நடுவில் கைதட்டுவதில்லை. தொடையில் தாளம் போடுகிற நம் பழக்கத்தையும் அன்று ஒருநாள் அடக்கி வைக்க வேண்டும். பாலுசாமி தீட்சிதர் அந்த நாட்டு வயலினை எடுத்து நம் இசைக்கு ஏற்றவாறு வாசிக்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. டெல்டாவிலிருந்து ஒரு பெண் அதன் தாய்வீட்டுக் கச்சேரியைக் கேட்கப் போவது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மாயவரம் ரயிலன்பர்:

முந்தைய பதிவோடு முழுக்க உடன்படுகிறேன். பாஸ் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

யூரெயில் குளோபல் பாஸ் 33 நாடுகளில் செல்லும். 4 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகள், பெரியவர் ஒருவருக்கு இருவர் வீதம், இலவசமாகப் போகலாம். 60 வயது கடந்தவர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. எனவே மகனுக்குச் செலவில்லை. ஆனால் மகளுக்கு 12 வயது கடந்துவிட்டதால் இளையோர் பாஸ் வாங்க வேண்டும். தனித்தனி டிக்கெட்டில் கணக்கே வேறு: ஆஸ்திரிய ரயில்வேயில் 6 முதல் 14 வயது வரை அரைக் கட்டணம், ஜெர்மன் ரயில்வேயில் அதே வயதினர் பெரியவரின் டிக்கெட்டில் பெயர் சேர்க்கப்பட்டிருந்தால் இலவசம். உங்கள் இரு பிள்ளைகளும் இந்த வரம்புக்குள் வருகிறார்கள்.

பாரிஸையும் பிராக்கையும் வெனிஸையும் கைவிட்டு, சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா, இன்ஸ்ப்ரூக், சூரிச் என்று ஒரே கோடாகப் போனால், நீண்ட ரயில் நாட்கள் நான்கைந்துதான் வரும். அதற்குப் பாஸ் வீண். ஆஸ்திரிய ரயில்வேயின் ஸ்பார்ஷீனே என்னும் சலுகை டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குவது மலிவு. ஆனால் அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். பாஸ் வாங்கினாலும் பிரெஞ்சு அதிவேக ரயில், யூரோஸ்டார், இரவு ரயில் ஆகியவற்றுக்கு இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நம் ஊரில் டிக்கெட் என்றாலே பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் சேர்ந்தே வரும். ஆஸ்திரியா, ஜெர்மனியின் பகல் ரயில்களில் பயண டிக்கெட் வேறு, இருக்கைப் பதிவு வேறு. பதிவில்லாமல் ஏறலாம், காத்திருப்புப் பட்டியலும் கிடையாது. ஆனால் கூட்டமான ரயிலில் நின்றுகொண்டே போகவும் நேரிடும். உங்கள் ஐவருக்கும் பதிவு செய்துவிடுங்கள். சால்ஸ்பர்க்கிலிருந்து வியன்னாவுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்தான் என்றாலும், மாமியாருக்கு இருக்கை உறுதியாக வேண்டும்.

நடைமேடையில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்தின் அருகே நிற்கும் என்பதை அங்குள்ள படத்திலோ மின்பலகையிலோ பார்த்து, ரயில் வருவதற்கு முன்பே பெட்டிகளோடு அங்கே போய் நில்லுங்கள். ரயில் நிற்பது சில நிமிடங்களே. கதவு தானாகத் திறக்காவிட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். முதலில் கிடைத்த பெட்டியில் ஏறி உள்ளே நடந்து போய்க்கொள்ளலாம் என்னும் நம் வழக்கம் அங்கே உதவாது.

குடந்தைவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. கணவரிடம் காட்டினேன், பாரிஸை விடுவதற்கு மட்டும் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். விசா கிடைப்பதற்கு முன் கச்சேரி டிக்கெட் வாங்கலாமா? எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது?

ஆரூரான்:

பல ஐரோப்பிய நாடுகளுக்கும் ஒன்றாகச் செல்லும் ஷெங்கன் விசாவுக்கு, அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாயவரத்து நண்பர் சொன்ன வழியில் அது ஆஸ்திரியா. இரவுகள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் ஏற்பார்கள். 15 நாள் முன்புவரை கொடுக்கலாம் என்பது விதியானாலும், கோடைக் கூட்டத்தை எண்ணி ஜனவரி, பிப்ரவரியிலேயே சென்னைக்குப் போய்க் கொடுத்துவிடுவது நல்லது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. 12 வயது முதல் கைரேகை தேவை என்பதால் மகள் நேரில் வர வேண்டும். பள்ளித் தேர்வு நாட்களைப் பார்த்து நாள் வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கச்சேரி டிக்கெட் தீர்ந்துவிடும் என்பதால் அதை முதலில் வாங்கி, அதன் இழப்பைத் தாங்கத் தயாராக இருங்கள். தங்குமிடத்தை ரத்து செய்யக்கூடியதாகப் பதியுங்கள். சலுகை ரயில் டிக்கெட்டுகளை விசா கைக்கு வந்த பிறகே வாங்குங்கள்.

உணவு பற்றி ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோக அனுமதி இல்லை; நெய்ப் புட்டியை வீட்டிலேயே வையுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், காப்பித்தூள் போதும். வியன்னாவில் சமையலறையுள்ள வீடாக எடுத்துவிட்டால் மாமியாருக்குச் சிரமமில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் அடைப்பு. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் திறந்திருக்கும். அரிசியையும் தயிரையும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.